ஓங்கிய கையும் இறங்கிய கையும்

கிணற்றை நோக்கி ஓடுகிறாள் ஒரு பெண். விழுந்து சாகப் போவதாகச் சொல்லிக்கொண்டே ஓடுகிறாள். வெறுத்த உள்ளம், விரைந்த கால்! ஆனால் கிணற்றை எட்டுமுன் பிடித்து நிறுத்தப்படுகிறாள். உயிர் பிழைத்தது. பிழைத்த உயிருக்குக் கிடைத்த பரிசு என்ன? குற்றவாளிக் கூண்டு! தற்கொலைக்கு முயன்றாள் என்பது வழக்கு. செத்திருந்தால் அவளைத் தொட எந்தச் சட்டத்தின் கையும் நீண்டிராது. பிழைத்துவிட்டாளல்லவா, அதனால் தண்டனை தேடிக்கொண்டு வந்தது!

சென்னை உயர்நீதிமன்றம் 1884ஆம் ஆண்டில் கண்ட வழக்கு இது. மன்றம் அவளைத் தண்டிக்க மறுத்தது. ஓடினாள், உண்மை. சாகப் போவதாகச் சொன்னாள், அதுவும் உண்மை. ஆயினும், குதிக்குமுன் அவள் மனம் மாறியிருக்கக்கூடும் அல்லவா? அந்தக் ‘கூடும்’ என்ற சொல்லை மன்றம் மதித்தது. ஆகவே முயற்சி என்னும் குற்றம் இன்னும் பிறக்கவில்லை என்று கூறி அவளை விடுவித்தது.

140 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தத் தீர்ப்பை இன்று நாம் எடுத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குற்றம் செய்யப் புறப்பட்ட மனிதன் பாதி வழியில் திரும்பினால் சமுதாயம் அவனை என்ன செய்ய வேண்டும்? திரும்பியதை மதிப்பதா, புறப்பட்டதற்கு உதைப்பதா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் மனிதனைப் பற்றி நாம் என்ன எண்ணுகிறோம் என்பதையே இது அளந்து காட்டிவிடும்.

எண்ணமே குற்றம் என்போர் உண்டு. திருடலாம் என்று உள்ளத்தால் நினைப்பதும் தீது என்று வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் கூறினார். நாம் மறுக்கவில்லை. ஆனால் அது அறநூல். தனி மனிதன் தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொள்வதற்கான கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் காவல் நிலையத்தில் மாட்டிவைக்கச் சொல்லவில்லை வள்ளுவர்! நெஞ்சுக்குள் நுழைந்து நீதி வழங்க அரசு புறப்பட்டால், வெளியே நடமாட யார் மிஞ்சுவர்? அண்டை வீட்டான்மீது ஆத்திரம் கொள்ளாத ஆள் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

வேறொரு நூல் உண்டு. அது அறநூல் என்ற பெயரில் சட்டநூலாக ஆண்டது. மனு எழுதியதாகச் சொல்லப்படும் அந்நூலின் 8ஆம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். தாழ்ந்தவன் என்று தான் முத்திரை குத்திய மனிதன், உயர்ந்தவன் என்று தான் முடிசூட்டியவன்மீது கையையோ தடியையோ ஓங்கினால், கையை வெட்டு என்கிறது. அவனோடு ஒரே இருக்கையில் அமர முனைந்தால், இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்து என்கிறது. ஓங்கிய கை விழுந்ததா என்ற கேள்வியே இல்லை. ஓங்கியவனே ஒரு நொடி சிந்தித்துக் கையை இறக்கிக்கொண்டானா? அந்தக் கேள்வி அந்நூலுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாது! ஓங்கியதால் நேர்ந்த தீங்கை அது அளக்கவில்லை. ஓங்கத் துணிந்தவனின் பிறப்பை அளந்தது.

அந்த நூலின் ஆட்சியை வழக்குமன்றங்களிலிருந்து அகற்றிய சட்டங்களுள் ஒன்று இந்தியத் தண்டனைச் சட்டம். மெக்காலேயின் குழு 1837இல் வரைவைத் தந்தது; 1860இல் அது சட்டமாயிற்று; 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளையன் தந்ததெல்லாம் வெல்லம் என்று சொல்வோரல்லர் நாம். ஆனால் பிறப்பைப் பார்த்துக் கையை வெட்டும் கணக்கு அதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நேர்மையாகாது.

அந்தச் சட்டம் குற்றத்தின் பாதையைப் படிப்படியாகப் பார்த்தது. மனத்தில் எண்ணம் எழுகிறது: அதற்குத் தண்டனை இல்லை. கருவிகளைத் தேடி ஆயத்தம் ஆகிறான்: அரசின்மீது போர், கூட்டுக்கொள்ளை போன்ற சிலவற்றைத் தவிர, அதற்கும் தண்டனை இல்லை. அடுத்தது முயற்சி. இங்கேதான் கோடு கிழிக்கப்படுகிறது. நகைப்பெட்டியை உடைத்துத் திறக்கிறான் திருடன். உள்ளே நகை இல்லை. அவன் முயன்றவனே, தண்டனைக்கு உரியவனே என்று 511ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு விளக்கியது. முழுக் குற்றத்துக்கு உள்ள உச்சச் சிறைக்காலத்தில் பாதிவரை அவனுக்குக் கிடைக்கலாம். பெட்டி வெறுமையாக இருந்தது அவனுடைய நல்லொழுக்கத்தால் அன்று என்பதால், நாமும் இதை ஏற்கிறோம்.

கொலை முயற்சிக்குத் தனியே 307ஆம் பிரிவு. அதிலே ஓர் எடுத்துக்காட்டு. நம் கேள்வியின் உயிர்நிலை அதில் இருக்கிறது. ஒருவனைக் கொல்லக் கருதி, நஞ்சு வாங்கி, உணவிலே கலந்து, தன்னிடமே வைத்திருக்கிறான் ஒருவன். அவன் இன்னும் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்கிறது சட்டம். அதே உணவைக் கொண்டுபோய் மற்றவனுடைய உணவு மேசையில் வைக்கிறான். வைத்த அந்தக் கணத்திலே குற்றம் நிறைவேறிவிட்டது!

அடுக்களையில் இருக்கும்வரை ஆயத்தம். மேசைக்கு வந்துவிட்டால் முயற்சி. இடையில் இருப்பது பத்தடித் தொலைவு.

இந்தப் பத்தடிக்குள்ளே மனிதன் மனம் மாறலாம் என்பதை நம் வழக்குமன்றங்கள் தாராளமாக ஏற்றுக்கொள்கின்றன. கிணற்றை நோக்கி ஓடிய பெண்ணின் வழக்கைச் சொன்னோம். இன்னொன்று கேளுங்கள். 1961 அக்டோபரில், பஞ்சாபிலிருந்து டில்லி நோக்கி நெல் மூட்டைகளோடு சென்ற ஒரு லாரியைச் சமால்கா சாவடியில் நிறுத்தினார்கள். இன்று அவ்வூர் அரியானாவில் இருக்கிறது, அன்று பஞ்சாபு. உரிமம் இல்லாமல் மாநிலத்தைவிட்டு நெல்லை வெளியே கொண்டுபோக முயன்றதாக வழக்கு. கீழ்மன்றம் தண்டித்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1968இல் மன்றம் என்ன கூறிற்று? சாவடியிலிருந்து எல்லைக்கு இன்னும் தொலைவு இருக்கிறது. உரிமம் இல்லையே என்று யாரேனும் எச்சரித்திருக்கலாம். இடைவழியில் எங்கேனும் மனம் மாறி மேலே செல்லாமல் இருந்திருக்கலாம். ஆகவே இது ஆயத்தமே, முயற்சி அன்று என்று விடுதலை செய்தது.

நல்ல தீர்ப்பு. மனிதனை நம்பும் தீர்ப்பு. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? லாரியில் சென்றவர்கள் திரும்பவில்லை! மனம் மாறியதற்கு அடையாளம் எதுவும் அவர்கள் காட்டவில்லை. நிறுத்தியது சாவடி, நின்றது வண்டி. அவர்கள் திரும்பியிருக்கலாம் என்ற ஊகமே அவர்களைக் காப்பாற்றிற்று.

இனி மேசைக்கு அப்பால் வாருங்கள்.

அண்ணன், தம்பி, இருவருக்கும் நடுவே ஒரு காணி நிலம். ஆண்டுக்கணக்கில் பகை. ஒருநாள் தம்பியின் பாலிலே அண்ணன் பூச்சிமருந்தைக் கலந்துவிடுகிறான். குவளையைக் கொண்டுவந்து தம்பியின் முன்னே வைத்தும்விடுகிறான். சட்டம் கிழித்த கோடு தாண்டப்பட்டது. தம்பி குவளையை எடுக்கிறான். திண்ணையிலே விளையாடிக்கொண்டிருந்த தம்பியின் மகள் ‘பெரியப்பா’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருகிறாள். அண்ணன் கை நடுங்குகிறது. பாய்ந்து சென்று குவளையைத் தட்டிவிடுகிறான். பால் தரையிலே. தம்பி உயிரோடு. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லி அழுகிறான்.

சட்டம் என்ன சொல்லும்? கொலை முயற்சி. 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். இன்னோர் ஊரில் இன்னொருவன் இதேபோல் நஞ்சு வைத்துவிட்டு, எப்போது குடிப்பான் என்று கதவிடுக்கால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எங்கிருந்தோ வந்த பூனை குவளையைக் கவிழ்த்துவிடுகிறது. அவனுக்கும் அதே பிரிவு, அதே பெயர், அதே உச்சத் தண்டனை. தட்டிவிட்ட அண்ணனுக்கும் பூனை தடுத்த பாதகனுக்கும் இடையே சட்டத்தின் எழுத்திலே ஒரு புள்ளி வேறுபாடும் இல்லை!

நமக்கு வியப்பாக இருப்பது இதுதான். மனம் ‘மாறியிருக்கலாம்’ என்ற ஊகத்துக்கு விடுதலை; மனம் ‘மாறிற்று’ என்ற உண்மைக்குச் சிறை. வராத திருத்தத்தை வரவேற்கிறது. வந்த திருத்தத்தை வாசலிலே நிறுத்துகிறது. 

எல்லா நாடுகளிலும் இப்படியா? இல்லை. பிரான்சு நாட்டின் 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் முயற்சி என்றால் என்ன என்று கூறும்போதே இதைச் சேர்த்துக் கூறிவிட்டது: முயல்பவனுடைய விருப்பத்தைச் சாராத சூழ்நிலையால் தடைப்பட்டது அல்லது தோற்றது எதுவோ அதுவே முயற்சி. அவனே விரும்பி நிறுத்தினால்? அது தண்டனைக்குரிய முயற்சியே ஆகாது. இன்று அங்கு நடப்பிலுள்ள சட்டமும் இதையே வைத்திருக்கிறது. செர்மனியிலே 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்த வழி உண்டு. இன்றைய சட்டத்தில் அது 24ஆம் பிரிவு. தானே கைவிட்டவனுக்கும், செய்து முடித்தபின் தீங்கு நேராமல் தானே தடுத்தவனுக்கும் முயற்சிக்கான தண்டனை இல்லை. ஃபிரான்சு ஃபொன் லிஸ்ட் என்னும் செர்மானிய சட்ட அறிஞர் இதைப் பின்வாங்குவோனுக்குக் கட்டித்தரும் பொற்பாலம் என்று வருணித்தார். அமெரிக்காவின் மாநிலங்களுக்கு முன்மாதிரியாக 1962இல் எழுதப்பட்ட தண்டனைத் தொகுப்பும் இந்தப் பாலத்தைக் கட்டிற்று. நமக்குச் சட்டம் எழுதித்தந்த இங்கிலாந்து கட்டவில்லை. அங்கே 1981இல் முயற்சிக் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் செய்தார்கள். திரும்பியவனுக்கு அதிலும் வழி இல்லை.

‘அவன் திருந்தியா திரும்பினான்? பயந்தல்லவா திரும்பியிருப்பான்!’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். இங்கிலாந்திலே 1859இல் ஒரு வழக்கு. வைக்கோற்போருக்குத் தீவைக்கச் சென்றவன் தீக்குச்சியை உரசினான். தன்னைச் சிலர் கவனிப்பதைக் கண்டான். ஊதி அணைத்துவிட்டான். முயற்சிக் குற்றவாளி என்றது மன்றம். சரிதான்! அணைத்தது அவன் வாய். ஆனால் ஊதச் சொன்னவை பிறர் கண்கள். அவனுக்குப் பாலம் கேட்கவில்லை நாம். கவனிப்பார் யாருமே இல்லாத இருட்டிலே, எரியும் குச்சியைக் கையில் பிடித்தபடியே, ‘பாவம், இதை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறதே’ என்று எண்ணி அணைத்திருந்தால்? அவனும் இவனும் ஒன்றா?

இரண்டையும் பிரிப்பது கடினம் என்று சொல்ல முடியாது. ரைன்ஹார்ட் ஃப்ராங்க் என்ற இன்னொரு செர்மானிய அறிஞர் அதற்கு ஓர் எளிய உரைகல் தந்தார். முடிக்க முடியும், ஆனால் வேண்டாம் என்று நின்றவன் தானே திரும்பியவன். முடிக்க வேண்டும், ஆனால் முடியவில்லை என்று நின்றவன் தடுக்கப்பட்டவன். பூனை கவிழ்த்த குவளை எந்தப் பக்கம், அண்ணன் தட்டிவிட்ட குவளை எந்தப் பக்கம் என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அவன் நெஞ்சு தூய்மையாயிற்றா, ஆன்மா ஈடேறிற்றா என்று தேடும் வேலை நமக்கு வேண்டாம். குழந்தையின் முகம் கண்டு இரங்கினானோ, மனைவிக்கு முகம் காட்ட வேண்டுமே என்று கூசினானோ, எதுவாயினும் சரி. தடுப்பார் இல்லாத வேளையிலே தானே நிறுத்தினான். தம்பி உயிரோடு இருக்கிறான்.

மற்றொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா ஒருவன் கத்தியைக் கீழே போடப் போகிறான்? பாலம் கட்டினால் எத்தனை பேர் நடப்பர்? நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்த நொடியில் எவனும் பிரிவு எண்ணை நினைக்கமாட்டான். பொற்பாலத்தின் பலம் இவ்வளவுதான் என்று செர்மானிய அறிஞர்களுள்ளேயே பலர் சொல்லிவிட்டனர். ஆகவே, பலரைத் திருப்பும் என்ற நம்பிக்கையை மட்டுமே வைத்து நாம் வாதாடவில்லை. நம் வாதம் வேறு. கொல்லத் தவறியவனையும் கொல்ல மறுத்தவனையும் ஒரே பெயரால் அழைப்பது பொய். பொய்யின்மீது தண்டனையை நிறுத்தக் கூடாது என்பதே பகுத்தறிவு.

நீதிபதி இரக்கப்பட்டுத் தண்டனையைக் குறைக்கலாமே என்பர். குறைக்கலாம்; குறைந்தபட்சத் தண்டனை என்று அப்பிரிவு எதையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இரக்கம் வேறு, உரிமை வேறு என்பதை இந்த இயக்கத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஒரு நீதிபதி ஓராண்டு கொடுப்பார். இன்னொருவர் ஏழாண்டு கொடுப்பார். கொலை முயற்சிக் குற்றவாளி என்ற பட்டம் மட்டும் இருவர் கையாலும் கிடைக்கும். தம்பியே வந்து ‘என்னைக் காப்பாற்றியவர் அண்ணன்’ என்று சாட்சி சொன்னாலும் அந்தப் பட்டம் போகாது.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். இந்தப் பாலத்திலே கொடியவர்கள் குடியேறிவிடக் கூடாது. லூதியானாவில் ஒருவன் தன் மனைவியை அறைக்குள் அடைத்து, சோறு கொடுக்காமல், நாள் நாளாக வாடவைத்தான். 1956இல் அவள் எப்படியோ தப்பி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள், எலும்பும் தோலுமாக! கொலை முயற்சி என்று வழக்கு. இறுதிச் செயல் நடக்கவில்லையே, அதற்கு முன்பே அவள் வெளியேறிவிட்டாளே, இது எப்படி முயற்சியாகும் என்ற வாதம் 1961இல் உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இறுதிச் செயல்வரை காத்திருக்கத் தேவையில்லை. பட்டினி போட்ட அந்தத் தொடர்ச்செயலே முயற்சி என்று மன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அவனும் எந்த நாளிலும் கதவைத் திறந்து ஒரு கவளம் கொடுத்திருக்கலாம், திரும்பியிருக்கலாம். ஒருநாளும் திரும்பவில்லை! அப்படிப்பட்டவனுக்குப் பாலத்தில் ஓரடி இடமும் கிடையாது. திரும்பியதாகச் சொல்கிறவன், தீங்கு நேராமல் தடுத்ததைச் செயலால் காட்ட வேண்டும். அதற்குள்ளே காயம் விளைந்திருந்தால் அந்தக் காயத்துக்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். செர்மானியச் சட்டத்திலும், கொலை முயற்சியைக் கைவிட்டவன் அதுவரை இழைத்த காயத்துக்குத் தண்டனை பெறுகிறான்.

நம் நாட்டிலே பரிகாரம் என்றொரு வாணிகம் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். கொலை செய்துவிட்டுக் குளத்திலே முழுகலாம். கொள்ளையடித்துவிட்டுக் கோயிலிலே கொட்டலாம். செய்து முடித்த பாவத்துக்குக் கழுவாய் உண்டாம், கட்டணம்தான் வேறுபடுமாம்! செத்தவன் திரும்பி வருவதில்லை, பறிகொடுத்தவனுக்குப் பொருள் திரும்புவதில்லை. ஆனால் செய்தவன்மட்டும் ஈரத்துணியோடு தூயவனாகக் கரையேறுகிறான். அந்தக் கணக்கை நாம் காறி உமிழ்ந்து தள்ளுகிறோம். தள்ளுகிற நாமே, செய்யாமல் திரும்பியவனுக்கு வாசலைச் சாத்தலாமா? பரிகாரக்காரன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். குவளையைத் தட்டிவிட்டவன் இன்னொருவனைக் காப்பாற்றினான்.

2023இல் பழைய தண்டனைச் சட்டத்தை அகற்றிப் புதிய சட்டம் செய்தார்கள். ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்று வடமொழியிலே பெயர் சூட்டி, நாடு முழுவதும் அதையே உச்சரிக்கச் சொல்கிறார்கள். 2024 சூலை முதல் நாளிலிருந்து அதுவே நடப்பு. 511 என்ற எண் 62 ஆயிற்று. 307 என்ற எண் 109 ஆயிற்று. நகைப்பெட்டி அப்படியே இருக்கிறது. மேசைமேல் வைத்த நஞ்சுணவும் அப்படியே இருக்கிறது. திரும்பியவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றினார்கள், பாராட்டுவோம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ கருதி அவ்வாறு முயல்வதுமட்டுமே குற்றம். அதற்கு முன்பே, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்கு அரசு மருத்துவமும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்று கூறிவிட்டது. 1884இல் கிணற்றை நோக்கி ஓடிய அந்தப் பெண் இன்று ஓடினால், அவளைப் பிடித்து நிறுத்தும் கை காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லக்கூடாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அவளுக்குத் திறந்த கதவை அண்ணனுக்கும் திறக்க ஒரே ஒரு விதி போதும். தன் விருப்பத்தால் முயற்சியைக் கைவிட்டு, கருதிய தீங்கு நேராமல் தானே தடுத்தவன், அம்முயற்சிக்காகத் தண்டிக்கப்படமாட்டான். அதற்குள் அவன் இழைத்த வேறு குற்றம் இருப்பின் அதற்கு மட்டும் பொறுப்பாவான். நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 62ஆம் பிரிவுக்குக் கீழே இதை எழுதிச் சேர்க்க வேண்டிய இடமும் வெறுமையாகவே இருக்கிறது.